கேட்கும் குழந்தைக்காக வரைந்த பக்கங்கள்

பஸ்கா இரவில் யூத வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பலவும் வழக்கத்துக்கு மாறாக நடக்கும். ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் புளிப்பில்லாத மட்ஸா இருக்கும். கீரைத் தழையை உப்புத் தண்ணீரில் தொட்டுத் தின்பார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் தலையணையில் சாய்ந்துகொள்வார்கள். உடைத்த மட்ஸாவில் ஒரு துண்டை வீட்டுப் பெரியவர் ஒளித்துவைப்பார். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துப் பரிசு கேட்பார்கள். இதையெல்லாம் பார்த்து, இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று கடைக்குட்டி கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் எகிப்திலிருந்து விடுதலையான கதை தொடங்கும். குழந்தைகள் தூங்கிப்போகாமல் கேள்வி கேட்பதற்காகவே ரபி அகிபா அன்று அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பார் என்று யூத மரபு நூலான தல்மூத் சொல்கிறது.

யூதக் குடும்பப் பண்டிகைகளைச் சொல்லும் குழந்தைப் படப் புத்தகங்களை நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை. குழந்தையைக் கேட்க வைக்கிற புத்தகம் நிற்கும். குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே பதிலைச் சொல்லி முடிக்கிற புத்தகம், எவ்வளவு அழகாக அச்சிட்டாலும், ஒரு பண்டிகைக் காலத்துக்குள் அலமாரியின் கடைசி வரிசைக்குப் போய்விடும். இந்த மரபில் இரண்டு வகையும் ஏராளம்.

மரபின் தாய்நூல் ஹகாதா. பஸ்கா இரவில் கையில் வைத்துப் படிக்கும் நூல் அது. கோயிலில் வைத்துப் பூட்டும் நூல் இல்லை, சாப்பாட்டு மேசையில் புழங்குவது. அதனால்தான் உருவங்களைப் பற்றி எச்சரிக்கையாக இருந்த ஒரு சமயத்தில்கூட ஹகாதாவுக்குப் படங்கள் தாராளமாக வந்தன. 1300-ஐ ஒட்டித் தென் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஒரு ஹகாதாவில் மனிதர்களுக்குப் பறவைத் தலை. அது இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினில் உருவான சராயேவோ ஹகாதாவின் பக்கங்களில் திராட்சை ரசக் கறை படிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அதை நாஜிகளின் கைக்குப் போகாமல் மறைத்துக் காத்தவர் தெர்விஷ் கோர்குட் என்ற முஸ்லிம் நூலகர்.

1526-இல் பிராகில் அச்சான ஹகாதாவும், செப்புத் தகட்டுப் படங்களோடு 1695-இல் வந்த ஆம்ஸ்டர்டாம் ஹகாதாவும் பின்னால் வந்த பதிப்புகளுக்கெல்லாம் அச்சாக அமைந்தன. நூலில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள்: அறிவாளி, துஷ்டன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். ஒவ்வொரு தலைமுறை ஓவியரும் இந்த நால்வரைத் தம் காலத்து மனிதர்களாக வரைந்தார்கள். துஷ்டன் பெரும்பாலும் படைவீரன். ஊர் ஊராகத் துரத்தப்பட்ட சமூகத்துக்கு யார் கண்டு பயம் என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும். நால்வரில் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நீயே பேச்சைத் தொடங்கிக் கொடு என்கிறது நூல். ஒரு படப் புத்தக ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை கிடைக்காது.

ஹகாதாவின் கடைசியில் ஒரு தொடர்ப்பாட்டு உண்டு. அப்பா இரண்டு காசுக்கு வாங்கிய ஆட்டுக்குட்டியைப் பூனை தின்னும், பூனையை நாய் கடிக்கும், நாயைக் கம்பு அடிக்கும். இப்படி நெருப்பு, தண்ணீர், மாடு, கசாப்புக்காரர், மரண தூதன் என்று ஏறிக்கொண்டே போகும். இதை ஓவியர் எல் லிசிட்ஸ்கி 1919-இல் கீவ் நகரில் வண்ணக் கல்லச்சுப் படங்களாக வெளியிட்டார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷின் பண்பாட்டு அமைப்பான குல்தூர் லீகே அதைப் பதிப்பித்தது. எந்தப் பாத்திரம் எந்த நிறமோ, எழுத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயரும் அதே நிறம். படிக்கத் தெரியாத குழந்தைகூட நிறத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லைக் கண்டுபிடிக்கலாம். பிற்காலத்தில் அவரை உலகம் புரட்சிக் கால வடிவமைப்பாளராக மட்டுமே கொண்டாடியது. என் கணக்கில் அவர் செய்ததில் மிக நுட்பமானவற்றுள் ஒன்று இந்த ஆட்டுக்குட்டிப் புத்தகம்.

இன்னொன்றையும் நின்று பார்க்க வேண்டும். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-இல் பெர்லினில் அ. மோ. சில்பர்மன் பதிப்பித்த குழந்தைகள் ஹகாதா அது. எர்வின் சிங்கர் வரைந்த படங்களில் சில அசையும். காகித நாக்கை இழுத்தால் நாணல் கூடையில் குழந்தை மோசே மிதப்பான், செங்கடல் எகிப்தியர்மேல் மூடும். கொடுமைக்காரனிடமிருந்து தப்பிய கதையை அந்த ஊரில், அந்த ஆண்டில், ஒரு குழந்தை தன் விரலால் இழுத்துப் பார்த்திருக்கிறது. பின்னர் இந்த நூல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்து பல பதிப்புகள் கண்டது.

தனித்தனிப் பண்டிகைக்குத் தனித்தனிக் கதை என்ற இன்றைய வடிவம் பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் மொழி போயிற்று, வழக்கமும் தேயத் தொடங்கியது. வீட்டில் பார்த்துக் கற்க முடியாததைப் புத்தகத்தில் கற்க வேண்டிய நிலை. அந்தத் தேவையிலிருந்து முதலில் கிளம்பியது பாடசாலை வழி. ஜெப ஆலயங்களின் கல்விக் குழுக்களே பதிப்பகமாகி, பண்டிகைக்கு ஒன்றாகச் சிறு நூல்கள் வெளியிட்டன. மாரிஸ் செண்டாக் பெயர் பெறுவதற்கு முன் வரைந்தவற்றில் இரண்டு இந்த வகை: 1951-இல் ஓய்வுநாள் பற்றி ஒன்று, 1954-இல் எட்டு இரவு விளக்கேற்றும் ஹனுக்காப் பண்டிகை பற்றி ஒன்று. பின்னாளில் காட்டு ஜந்துக்களை வரைந்து புகழ்பெற்ற அவர் மெழுகுவத்தி ஏற்றும் குடும்பத்தை அடக்கமாக வரைந்திருப்பதைப் பார்க்க இன்றும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இந்த வழியின் பொதுக் குணம் விளக்கம்தான். அம்மா சமைக்கிறாள், அப்பா ஆசி கூறுகிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். யாருக்கும் எதுவும் நேர்வதில்லை.

அதே கல்விச் சூழலிலிருந்து வந்தும் விளக்கத்தில் சிக்காமல் தப்பியவர் சேடி ரோஸ் வைலர்ஸ்டைன். 1930-இல் ஒரு யூத மகளிர் இதழில் தொடங்கி 1935-இல் நூலான அவருடைய கடோண்டன் கட்டைவிரல் அளவுப் பையன். பிள்ளையில்லாத தாய் ஒரு கிழவியின் சொல்கேட்டு, கூடாரப் பண்டிகையில் ஆசி கூறிய எத்ரோக் பழத்தின் முனையைக் கடிக்கிறாள், பிள்ளை பிறக்கிறது. அவன் சமையலறையில் நறுக்கும் கத்திமேல் ஏறி மாட்டிக்கொள்வான். அவன் அளவுக்குச் சுருங்கிப் பார்க்கும்போது மேசை, பாத்திரம், பண்டிகைப் பண்டம் எல்லாமே பெரிதாகி, கேள்விக்குரியவை ஆகிவிடுகின்றன. கதை கொஞ்சம் நீளம், படம் குறைவு. இன்றைய கணக்கில் படப் புத்தகம் என்று சொல்வது கடினம். ஆனாலும் இந்த மரபில் குறும்புக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அவன்தான்.

எழுபதுகளின் நடுவில் மேரிலாந்தில் ஜூடி க்ரோனரும் மேட்லின் விக்லரும் குழந்தைகளுக்கு ஒரு ஹகாதா எழுதி, அதை வெளியிடத் தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். தம் பிள்ளைகள் கேரன், பென் பெயர்களைச் சேர்த்துக் கார்-பென் என்று வைத்தார்கள். 2001-இல் மினியாபொலிஸைச் சேர்ந்த லெர்னர் நிறுவனத்திடம் போன பிறகும் இத்துறையில் அதிகம் வெளியிடும் இடங்களில் ஒன்றாகவே அது இருக்கிறது. சில்வியா ரவுஸ் எழுதி 1993-இல் தொடங்கிய சாமி சிலந்தி வரிசை அவர்களுடையது. ஒரு யூத வீட்டின் கூரையிலிருந்து சிலந்திக் குஞ்சு பண்டிகையைப் பார்க்கும், தானும் கலந்துகொள்ள ஆசைப்படும், அம்மாச் சிலந்தி வலை பின்னச் சொல்லும். காத்ரின் ஜேனஸ் கானின் வெட்டி ஒட்டிய வண்ணத்தாள் படங்கள் நன்றாக இருக்கின்றன. முதல் நூலில், வெளியே நின்று ஏங்குகிற கண்ணால் பண்டிகையைக் காட்டியது நல்ல யோசனை. பிறகு பண்டிகைக்கொன்றாக அதே அச்சில் வார்த்துக்கொண்டே போனதில் அந்த ஏக்கம் வழக்கமாகிவிட்டது.

நாட்டார் கதை வழிக்கு வருவோம். என் மனம் அதிகம் சாய்வது இங்கேதான். கிழக்கு ஐரோப்பிய யித்திஷ் கதைகளில் வறுமை உண்டு, பேய் உண்டு, பசி உண்டு, சாமர்த்தியமும் உண்டு. ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் ஸ்லாடே ஆட்டுக்கதை 1966-இல் செண்டாக்கின் படங்களோடு வந்தது. ஹனுக்காச் செலவுக்குப் பணமில்லாத குடும்பம் ஆட்டைக் கசாப்புக்காரருக்கு விற்க முடிவு செய்கிறது. கொண்டுபோகும் பையன் பனிப்புயலில் சிக்குகிறான். வைக்கோல் போருக்குள் ஒண்டிக்கொண்டு மூன்று நாள் ஆட்டின் பாலிலும் உடல் சூட்டிலும் உயிர் பிழைத்துத் திரும்புகிறான். பிறகு ஆட்டை விற்கும் பேச்சே எழவில்லை. ஹனுக்கா என்றால் என்ன என்று சிங்கர் பாடம் நடத்தவில்லை. அந்த வீட்டில் விளக்கேறும்போது அது ஏன் ஏறுகிறது என்பது குழந்தைக்குத் தானாகவே விளங்கிவிடும்.

எரிக் கிம்மலின் ஹெர்ஷலும் ஹனுக்காப் பூதங்களும் 1989-இல் ட்ரினா ஷார்ட் ஹைமன் படங்களோடு வந்து, அடுத்த ஆண்டு படப் புத்தக ஓவியத்துக்கான கால்டெகாட் கௌரவம் பெற்றது. ஒரு கிராமத்தின் பழைய ஜெப ஆலயத்தில் பூதங்கள் குடியேறி ஹனுக்கா விளக்கேற்ற விடாமல் செய்கின்றன. ஊர் ஊராகத் திரியும் ஹெர்ஷல் எட்டு இரவும் அங்கே தங்கி ஏற்ற வேண்டும். அவன் கையில் இருப்பது சில அவித்த முட்டைகள், ஒரு ஜாடி ஊறுகாய், ஒரு பம்பரம். முட்டையைக் கல்லென்று சொல்லி நசுக்கிக் காட்டி முதல் பூதத்தை மிரட்டுகிறான். கடைசி இரவு பூதராஜனே வருகிறான். இருட்டில் நீ யாரென்று எனக்கு எப்படித் தெரியும், விளக்கை ஏற்றிக் காட்டு என்று ஹெர்ஷல் கேட்க, பூதராஜன் தன் கையாலேயே ஏற்றிவிடுகிறான். ஹைமனின் பூதங்கள் உண்மையிலேயே பயமுறுத்தும். பெற்றோர் சிலர் அதற்காகத் தயங்குவதுண்டு. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. விளக்கு ஏற்றத் தடை வந்த பண்டிகை அது. தடை உண்மையாக இருந்தால்தான் விளக்குக்கு மதிப்பு.

இந்த வழியில் ஒரு கதை கைமாறி வந்ததைப் பார்த்தால் மரபு எப்படி உயிரோடிருக்கிறது என்று தெரியும். யித்திஷ் எழுத்தாளர் பெரெட்ஸ் எழுதிய கதை: பஸ்கா இரவில் ஏழைத் தம்பதி வீட்டுக்கு ஒரு மந்திரவாதி வந்து வெறும் மேசையில் விருந்தை வரவழைக்கிறான். இது கண்கட்டா, உண்ணலாமா என்று அவர்கள் ரபியிடம் ஓடுகிறார்கள். மட்ஸா ஒடிந்தால், ரசம் கோப்பையில் வடிந்தால் உண்மைதான் என்கிறார் அவர். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். வந்தவர் எலியா தீர்க்கதரிசி. வார்சாவில் பிறந்த யூரி ஷூலவிட்ஸ் இதை 1973-இல் சிறிய கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாகச் செய்தார். 2021-இல் சூசன் கூசல் எழுத, ஷான் ரூபின் வரைய, அதே கதை 1933-இன் பொருளாதாரப் பெருமந்தத்தில் வாஷிங்டன் நகருக்குப் போயிற்று. லிங்கன் நினைவிடத்தின் படிகளில் வித்தை காட்டும் ஒருவருக்குத் தன் காசைக் கொடுக்கும் சிறுமியிலிருந்து கதை தொடங்குகிறது. இடமும் காலமும் மாறின. வெறும் மேசை மாறவில்லை.

மேரிலின் ஹிர்ஷையும் இங்கே சொல்ல வேண்டும். அறுபதுகளில் அமெரிக்க அமைதிப் படைத் தொண்டராக இந்தியாவுக்கு வந்தவர். பஞ்சதந்திர யானை எலிக் கதை உள்ளிட்ட அவருடைய தொடக்க நூல்களை வெளியிட்டது டெல்லியின் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். ஊர் திரும்பியதும் யூதக் கதைகளுக்குப் போனார். 1976-இல் டேவிட் ஆட்லர் எழுதி அவர் வரைந்த நூலில், ஒரு தாத்தா அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் கூடாரப் பண்டிகைக்குத் தழைக்கூரைக் குடில் கட்டுகிறார். கட்டட உரிமையாளர் வழக்குப் போடுகிறார். அகற்றுமாறு உத்தரவிடும் நீதிபதி, பண்டிகை முடியும்வரை அவகாசமும் தந்துவிடுகிறார். நகரத்தில் குடியேறியவர்கள் தம் பண்டிகைக்கு இடம் தேடிய வரலாறு ஒரு மொட்டை மாடிக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்தது வீட்டு நினைவு வழி. பார்பரா கோஹனின் குளியல் தொட்டி மீன் 1972-இல் வந்தது. அம்மா பஸ்கா விருந்துக்கு உயிருள்ள கெண்டை மீன் வாங்கிச் சில நாள் குளியல் தொட்டியில் விட்டுவைப்பாள். அக்காவும் தம்பியும் அதற்கு ஜோ என்று பெயர் வைத்துப் பழகி, சமைக்கும் நாளில் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கடத்துகிறார்கள். பிடிபடுகிறார்கள். மீன் விருந்தாகிறது. பிள்ளைகள் அதைத் தொடவில்லை. பிறகு அப்பா ஒரு பூனை கொண்டுவந்து தருகிறார். இந்தக் கதையில் யாரும் கெட்டவர் இல்லை, ஆனாலும் மீன் செத்துப்போகிறது. பண்டிகைச் சந்தோஷத்துக்குள் குழந்தைக்கு மட்டும் தெரிகிற துக்கத்தை மறைக்காமல் எழுதிய நேர்மை இந்த மரபில் அபூர்வம். இன்று இப்படி ஒன்றை எழுதினால் மீனைக் காப்பாற்றித் தரச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

பட்ரிசியா பொலாக்கோ 1988-இல் தந்த குடும்பப் போர்வைக் கதையில் ருஷ்யாவிலிருந்து வந்த துணிகளைத் தைத்த ஒட்டுப் போர்வை நான்கு தலைமுறைக்கு ஓய்வுநாள் மேசைவிரிப்பாகவும் திருமணப் பந்தலாகவும் குழந்தையைச் சுற்றும் துணியாகவும் ஆகிறது. மனிதர்களைக் கரிக்கோட்டில் வரைந்து, போர்வைக்கு மட்டும் வண்ணம் கொடுத்திருக்கிறார். மரபு என்ற பெரிய சொல்லை வாயால் சொல்லாமல் கண்ணுக்குக் காட்டும் வழி அது.

சிட்னி டெய்லரின் ஐந்து அக்கா தங்கைகள் 1951-இல் கதைநூலில் வந்து நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதி யூத வாழ்க்கையை அமெரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார்கள். 2018-இல் எமிலி ஜென்கின்ஸும் பால் செலின்ஸ்கியும் அவர்களைப் படப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தனர். ஆண்டு 1912, அம்மா உருளைக்கிழங்கு லாட்கே சுடுகிறாள், கடைக்குட்டி கெர்ட்டியைத் துருவ விடமாட்டோம் என்கிறார்கள், அவள் கோபித்துக்கொண்டு போகிறாள். ஹனுக்காவின் வரலாறு ஏறக்குறைய வெளியே நிற்க, ஒரு சின்னப் பெண்ணின் கோபம் நூல் முழுவதையும் நிறைக்கிறது. அவளைச் சமாதானப்படுத்த அப்பா தரும் வேலை முதல் விளக்கை ஏற்றுவது. 2019-இல் இளஞ்சிறார் பிரிவில் இது வாங்கிய விருதின் பெயரும் சிட்னி டெய்லர் விருதுதான். யூத நூலகச் சங்கம் 1968-இல் தொடங்கிய அந்த விருது, சரியான செய்தியையும் நல்ல எழுத்தையும் ஒருசேர எதிர்பார்த்து இத்துறையின் தரத்தை உயர்த்தியது.

எபிரேய வழி வேறு மண்ணில் முளைத்தது. உக்ரைனில் பிறந்து 1913-இல் பாலஸ்தீனத்துக்கு வந்த லெவின் கிப்னிஸ், அங்குள்ள எபிரேய மழலைப் பள்ளிகளுக்குப் பண்டிகைப் பாட்டும் கதையும் எழுதித் தள்ளினார். வீட்டில் தாத்தாவிடமிருந்து வர வேண்டியது இங்கே ஆசிரியையிடமிருந்து வந்தது. பண்டிகைகளின் விவசாய முகம் முன்னுக்கு வந்தது: மரம் நடுதல், முதற்பழக் கூடை, அறுவடை. 1978-இல் அவருக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது. வீட்டைவிட வகுப்பறை வாசம் தூக்கலாக இருப்பது இந்த வழியின் குறை. பாட்டாகப் பாடிக் குழந்தை வாயில் நின்றது அதன் வெற்றி.

ஆசாரமான குடும்பங்களுக்கு ப்ரூக்ளினின் ஹகாய் போன்ற பதிப்பகங்கள் உண்டு. உடையிலும் ஆசாரத்திலும் பிசகு இருக்காது. 1998-இல் அவர்கள் வெளியிட்ட ஒன்பது கரண்டிகள் கதையில், வதைமுகாமில் கரண்டிகளைச் சேர்த்து ஹனுக்கா விளக்கு செய்கிறார்கள். கட்டுப்பாட்டுக்குள்ளும் பெரிய கதை எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

நெடுங்காலம் இந்த அலமாரியில் கிழக்கு ஐரோப்பா மட்டுமே இருந்தது. இப்போது மாறுகிறது. ஆலிசன் ஒஃபனான்ஸ்கியின் 2020 நூல் மொராக்கோவின் மிமூனா இரவைச் சொல்கிறது; பஸ்கா முடிந்ததும் மாவுக்கு முஸ்லிம் அண்டை வீட்டை நாடும் வழக்கம் அதில் வருகிறது. உகாண்டாவின் அபயுதயா யூதச் சமூகத்தில் வளர்ந்த ஷோஷனா நம்பி, 2022-இல் தன் கிராமத்துக் குடில் போட்டியைக் கதையாக்கினார். கொச்சி யூதர்களின் பெண்கள் மலையாளத்தில் பண்டிகைப் பாட்டுகள் பாடிக் கையெழுத்து ஏடுகளில் காத்தவர்கள். அந்த வீடுகளும் பெரிய வண்ணப் படங்களில் வர வேண்டும் என்பது என் ஆசை.

தரம் என்று பேசும்போது கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய சிறு விஷயங்கள் உண்டு. ஹனுக்கா விளக்கில் எட்டுடன் ஏற்றுவிளக்கு ஒன்று சேர்ந்து ஒன்பது. அந்த ஒன்று தனித்துத் தெரிய வேண்டும். வலமிருந்து வைத்து இடமிருந்து ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமையானால் ஹனுக்கா விளக்கு முதலில், ஓய்வுநாள் விளக்கு பிறகு. கூடாரப் பண்டிகைக் குடிலின் கூரை தழையால் ஆனது. நட்சத்திரம் தெரிய இடைவெளி விடுவார்கள். ஹனுக்காப் பம்பரத்தின் நான்கு எழுத்துகளில் நான்காவது இஸ்ரேலில் வேறு, வெளியே வேறு. பஸ்கா மேசையில் பின்னல் ரொட்டியை வரைந்துவிட்டால் புத்தகமே போயிற்று. ஆண்டுதோறும் தன் கையால் செய்கிற குழந்தை இந்தப் பிழைகளை உடனே பிடித்துவிடும். பிடித்த பிறகு மற்றதையும் நம்பாது.

பெரிய குறை வேறு. எபிரேய வேதத்தில் இல்லாத, சமய வரிசையில் சிறியதான ஹனுக்காவுக்குப் புத்தகங்கள் குவிகின்றன. சீனாய் மலையில் வேதம் பெற்றதைக் கொண்டாடும் ஷவுவோத்துக்கு விரல்விட்டு எண்ணும்படிதான். கிறிஸ்துமஸ் வரும் டிசம்பரில் கடைக்காரருக்கு ஒரு யூதப் புத்தகம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் காரணம். மனந்திரும்புதலின் நாட்களுக்கு வந்த சிலவற்றில் எரிக் கிம்மல் எழுத, ஜான் முத் 2000-இல் வரைந்த கெர்ஷோனின் பூதம் தனித்து நிற்கிறது. தன் தவறுகளை நிலவறையில் கூட்டித் தள்ளி, ஆண்டுக்கொருமுறை மூட்டையாகக் கட்டிக் கடலில் போடுகிறவன் அவன். அவை கடலுக்குள் பூதமாகி அவன் பிள்ளைகளைத் தேடி எழும்பும். குழந்தை கேட்கத் தொடங்கினால் பெற்றோர் அன்றிரவு தூங்க முடியாது.

2005-இல் ஹாரல்ட் க்ரின்ஸ்பூன் தொடங்கிய பி.ஜே. நூலகம் யூதக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு புத்தகத்தை இலவசமாக அனுப்பி இந்தச் சந்தையையே மாற்றியது. 2009-இல் இஸ்ரேலிலும் எபிரேயத்தில் அதன் கிளை தொடங்கியது. புத்தகமே நுழையாத வீடுகளில் அது நுழைந்திருக்கிறது. இதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒரே பெரிய வாங்குபவர் இருக்கும்போது எல்லோரும் அவர் விரும்பும் பதமான, பயமில்லாத கதையையே எழுதப் பார்ப்பார்கள் என்ற கவலையும் எனக்கு உண்டு. பூதங்களுக்கும் செத்த மீனுக்கும் அந்தத் தபாலில் இடம் இருக்க வேண்டும்.

இந்த நூல்களைத் தமிழில் கொண்டுவர நினைக்கும் பதிப்பாளர்களுக்கும், பள்ளி நூலகத்துக்கு வாங்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹெர்ஷல், குளியல் தொட்டி மீன், ஷூலவிட்ஸின் மந்திரவாதி ஆகிய மூன்றில் தொடங்குங்கள். பண்டிகை பற்றிய குறிப்பை முன்னுரையாக வைக்காதீர்கள். கதை முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தில், சுருக்கமாகப் போடுங்கள்.